ரேஷனுக்குக் கொடுத்த எண்

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, நேரு வீதியிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்குள் திரும்பும் இடத்தில் தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி வாங்கினேன். மடித்துத் தந்த காகிதத்தில் எண்ணெய் ஊற ஊற ஒரு பெண்ணின் முகம் துலங்கி வந்தது. பிரித்துப் பார்த்தால் ஆதார் அட்டையின் ஜெராக்ஸ். பெயர், கணவர் பெயர், கதவு எண்ணோடு முகவரி, பன்னிரண்டு இலக்கமும் முழுசாக. கீழே நீல மையில் கையெழுத்தும் கைப்பேசி எண்ணும். இடது மூலையில் டேக் கட்டிய ஓட்டை. வண்டிக்காரரிடம் காட்டினேன். "கிலோ கணக்குல வாங்கறது சார், யாரு படிச்சுப் பாக்கறா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஈடு போட்டார்.

அந்த அம்மாள் முதியோர் உதவித்தொகை கேட்டிருக்கலாம், பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டிருக்கலாம். எதைக் கேட்டிருந்தாலும், ஒரு வேலைக்காகத் தன் விவரத்தை ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். அது இன்னொரு வேலைக்குப் போய்விட்டது. கணினியும் அறமும் என்று பேச உட்கார்ந்தால் நம்மவர்கள் உடனே எந்திர மனிதன், செயற்கை நுண்ணறிவு என்று மேலே போய்விடுகிறார்கள். எனக்கு இந்தப் பஜ்ஜிக் காகிதமே போதும் என்று தோன்றுகிறது. ஒரு காரியத்துக்காக வாங்கிய விவரத்தை வேறு காரியத்துக்கு எடுக்கலாமா, எடுத்தால் யாரைக் கேட்டு எடுக்க வேண்டும்? கடந்த முப்பது ஆண்டுகளில் கணினி கிளப்பிய தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கின்றன. புதுச்சேரியில் இதற்குக் கணினிக்கு முந்திய வரலாறும் உண்டு.

*

பாரதி 1908இல் இங்கே வந்தார். அரவிந்தரும் வ.வெ.சு. ஐயரும் 1910இல் வந்தார்கள். பிரெஞ்சு மண்ணில் ஆங்கிலேயப் போலீசுக்கு அதிகாரம் கிடையாது. ஆனாலும் ஒற்றர்களை இந்த ஊரிலேயே குடியமர்த்தி வைத்திருந்தது. யார் வீட்டுக்கு யார் போகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று குறிப்பு எழுதினார்கள். தபால்கள் பிரிக்கப்பட்டன. 1911 ஜூனில் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு கண்காணிப்பு இன்னும் இறுகியது.

அந்த நாட்களின் கதைகளில் எனக்கு மறக்காதது ஜாடிக் கதை. ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது ஒரு ஜாடி வாளியோடு மேலே வந்தது. உள்ளே ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்கள். ஒற்றர்கள் போட்டுவைத்த ஜாடி அது. சோதனை வரும், ஜாடி 'கண்டுபிடிக்கப்படும்', வீட்டுக்காரர் உள்ளே போவார் என்பது திட்டம். நண்பர்கள் கூடிப் பேசி, தாங்களே பிரெஞ்சு அதிகாரிகளிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். விசாரிக்க வந்த பிரெஞ்சு நீதிபதி அரவிந்தர் வீட்டையும் சோதனையிட்டார். மேசையில் லத்தீன், கிரேக்க நூல்களைப் பார்த்து வியந்து, நட்போடு விடைபெற்றுப் போனார்.

நூறாண்டு கழித்து ஜாடி இன்னும் நுட்பமாகிவிட்டது. பீமா கோரேகான் வழக்கில் கைதான செயற்பாட்டாளர் ரோனா வில்சனின் மடிக்கணினியில், தொலைவிலிருந்து இயக்கும் தீம்பொருள் மூலம் கோப்புகள் இடப்பட்டிருந்தன என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் 2021இல் அறிக்கை தந்தது. திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமியின் கணினியைப் பற்றியும் அதே நிறுவனம் 2022 டிசம்பரில் அதே முடிவைச் சொன்னது. தேசியப் புலனாய்வு முகமை இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. அறிக்கை வந்தபோது ஸ்டேன் சுவாமி உயிரோடும் இல்லை. 84 வயதில், விசாரணைக் கைதியாகவே, 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்திருந்தார். ஐயருக்கு வாய்த்த வசதி அவருக்கு வாய்க்கவில்லை. ஜாடி வாளியில் முட்டிச் சத்தம் போட்டது. கோப்பு ஓசையின்றி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

*

ஒற்றர் குறிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஊர் மக்களின் தலையெழுத்தைத் தீர்மானித்த பெரிய ஏடு ஒன்று உண்டு. பழைய ஆட்கள் அதை 'எத்தா சிவில்' என்பார்கள். பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் பதியும் பிரெஞ்சுக் குடிமைப் பதிவேடு. அதில் எப்படி எழுதப்பட்டிருக்கிறீர்களோ அதுதான் நீங்கள்.

1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் போலச் செருப்பணிந்து நீதிமன்றம் போனார் என்பதற்காகத் தடுக்கப்பட்டார். பாரீஸ் வரை வழக்காடி வென்றார். 1881 செப்டம்பரில் வந்த ஆணை, விரும்புகிறவர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்றது. அப்படி வந்த 'ரெனோன்சான்'கள் குடும்பப் பெயர் ஒன்று சூட்டிக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி 'லபோர்த்' ஆனார். பிறகு 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்று விதி. எழுதித் தந்தவர் வீட்டுப் பேரன் இன்று பாரீஸில் இருக்கிறான். தராத அண்ணன் வீட்டுப் பேரன் இங்கே விசாவுக்கு வரிசையில் நிற்கிறான். தாத்தா போட்ட கையெழுத்து, அல்லது போடாத கையெழுத்து, அறுபது ஆண்டு கழித்தும் வேலை செய்கிறது. விவரம் என்பது எவ்வளவு நீளமான கை என்று புதுச்சேரிக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அந்தப் பிரான்சிலேயே இந்தக் கை நீண்டபோது என்ன ஆயிற்று? 1974 மார்ச் 21 அன்று 'லெ மோந்த்' நாளேடு ஒரு செய்தியை உடைத்தது. அரசுத் துறைகள் தனித்தனியாக வைத்திருந்த கோப்புகளை ஒவ்வொரு குடிமகனுக்கும் உள்ள ஒரே எண்ணைக் கொண்டு கணினியில் இணைக்கும் திட்டம் ஒன்று ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. திட்டத்தின் பெயர்ச்சுருக்கம் 'சஃபாரி'. பிரெஞ்சுக்காரர்களை வேட்டையாடும் பயணமா என்ற தொனியில் தலைப்பிட்டது நாளேடு. நாடு கொதித்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பட்டியல் போட்டு ஆட்களைப் பிடித்துப்போனதை நேரில் கண்ட தலைமுறை அப்போது உயிரோடு இருந்தது. அரசு பின்வாங்கிக் குழு அமைத்தது. 1978 ஜனவரி 6 அன்று தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைக் காவல் காக்கத் தன்னாட்சியுள்ள ஆணையமும் வந்தது. இன்று ஐரோப்பா முழுக்க நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிகளுக்கு அது ஒரு முன்னோடி.

புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு நிர்வாகம் கிளம்பியது 1954 நவம்பர் 1 அன்று. போலீஸ்காரர் தலையில் சிவப்புக் கெப்பியை விட்டுப் போனது; தெருப் பெயர்களை விட்டுப் போனது; ரெனோன்சான் வீடுகளில் சிவில் சட்டத்தையும் விட்டுப் போனது. 1978ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் கப்பல் ஏறி வரவில்லை. வருவதற்கு வழியும் இல்லை. 'நான் பிரெஞ்சுக் குடிமகன், எனக்கு ஐரோப்பியத் தரவுச் சட்டம் உண்டு' என்று இங்குள்ள நண்பர்கள் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சட்டம் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை. ஆள் எங்கே இருக்கிறார், விவரத்தைக் கையாளும் நிறுவனம் எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்கிறது. நேரு வீதியில் சிம் கார்டு வாங்குகிற, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவின் மகனும் நானும் சட்டத்தின் முன் ஒன்றுதான்.

இன்னொரு வேடிக்கை. வெளிநாடு வாழ் பிரெஞ்சுக் குடிமக்கள் நாடாளுமன்றத் தேர்தலில் இணையம் வழியே வாக்களிக்க 2012இல் ஏற்பாடு இருந்தது. 2017இல் இணையத் தாக்குதல் அச்சத்தால் பிரான்ஸ் அதை ரத்து செய்தது. 2022இல் மறுபடி கொண்டுவந்தது. ஒரு தேர்தல் முழுக்க வசதியை நிறுத்திவைத்தாவது பாதுகாப்பைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்ற பொறுமையை இங்குள்ள பிரெஞ்சு வாக்காளர்கள் தங்கள் அரசிடம் பார்த்தார்கள். அதே தெருவில் இந்திய வாக்காளர்கள் 2021இல் பார்த்தது வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

*

கணினி என்றாலே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. உலகம் திரும்பிப் பார்த்த நல்ல முயற்சி ஒன்றும் இங்கேதான் நடந்தது. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மைய உதவியோடு, வில்லியனூரை நடுவமாக வைத்துச் சுற்றுக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. எம்பலத்தில் கோயில் இடத்தில் மையம் வந்தது. இடம் கொடுக்கும் கிராமத்துக்கு நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்தது: தலித் மக்கள் உட்பட எல்லோரும் உள்ளே வர வேண்டும். கணினியை இயக்கியவர்களில் பெண்கள் நிறைய. தகவல் தமிழில் இருந்தது. என்ன தகவல் வேண்டும் என்று முதலில் ஊர்க்காரர்களைக் கேட்டார்கள். நெல் விலை, அரசுத் திட்டங்கள், மாட்டு வைத்தியம் என்று அவர்கள் சொன்னதைச் சேகரித்தார்கள்.

வீராம்பட்டினத்தில் மீனவர்கள் கேட்டது அலை உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அன்றாடம் அலைக் கணிப்பை இறக்கி, தமிழாக்கி, கடற்கரையில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஒரு வல்லரசின் போர்க்கப்பலுக்காகத் திரட்டிய விவரம் கட்டுமரத்துக்குப் பயன்பட்டது. 2004 டிசம்பர் 26 காலை, நல்லவாட்டைச் சேர்ந்த ஓர் இளைஞர் சிங்கப்பூரில் இருந்தபடி தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்து ஊருக்கு ஃபோன் செய்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை போனது. சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊர், அலை வருவதற்குள் மேட்டுக்குப் போய்விட்டது. படகுகளும் வீடுகளும் போயின, ஆட்கள் தப்பினார்கள்.

இங்கே என் வாதத்துக்கே ஒரு முடிச்சு விழுகிறது. கடற்படை விவரம் மீனவருக்குப் போனதும் நோக்கம் மாறியதுதானே? இன்னும் ஓர் உதாரணம். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், சேன் லூயி வீதியில், தென்னிந்தியக் கோயில்களின் பல்லாயிரம் புகைப்படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. சிற்ப ஆராய்ச்சிக்காக எடுத்தவை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோன நடராஜர் கான்பெராவின் தேசியக் காட்சிக்கூடத்தில் நின்றபோது, அவர் நம் ஊர்க்காரர்தான் என்று காட்ட இங்கிருந்த படங்கள் உதவின. 2014 செப்டம்பரில் சிலை திரும்பி வந்தது. நோக்கம் மாறினாலே குற்றம் என்று ஒரே கோடாகப் போட முடியாது. ஆனால் நடராஜருக்கு அந்தரங்கம் இல்லை, அலைக்கும் இல்லை. பகிரங்கமாக, யார் கேட்டாலும் காட்டக்கூடிய விதத்தில் மாற்றம் நடந்தது. மனிதரைப் பற்றிய விவரத்தில் இந்த இரண்டு சலுகையும் கிடையாது.

*

2015 செப்டம்பரில் புதுச்சேரி ஒரு சோதனைச்சாலை ஆயிற்று. ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் என்ற மத்தியத் திட்டம் முதலில் சண்டிகரிலும் இங்கேயும் வந்தது. பிறகு தாத்ரா நாகர்ஹவேலி சேர்ந்தது. கடையில் எடை மோசடி இல்லை, இடைத்தரகர் இல்லை, நேராகப் பணம். காகிதத்தில் அழகான ஏற்பாடு. நிதி ஆயோக்குக்காக இந்த மூன்று ஒன்றியப் பகுதிகளிலும் நடந்த கள ஆய்வு ஒரு விநோதத்தைக் கண்டது. அரசுக் கணக்கில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் 'செலுத்தியாயிற்று'. வீட்டுக்கு வீடு கேட்டால் கணிசமானவர்கள், அதுவும் தொடக்க மாதங்களில், 'வரலீங்க' என்றார்கள்.

இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஆதார் வழிப் பணம், அந்த எண்ணோடு கடைசியாக இணைந்த வங்கிக் கணக்குக்குப் போகும். ஒரு பெண் எப்போதோ ஒரு கடனுக்காக இன்னொரு வங்கியில் கணக்குத் தொடங்கி ஆதார் கொடுத்திருப்பார். பணம் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும். அவர் பழைய பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு பழைய வங்கிக்கே நடந்துகொண்டிருப்பார். 2017இல் நாடளவில் இது பெரிதாக வெடித்தது. சிம் கார்டைச் சரிபார்க்க வந்த வாடிக்கையாளர்களின் பெயரில் ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கி கணக்குகளைத் திறந்ததாகவும், அவர்களது சமையல் எரிவாயு மானியம் அந்தக் கணக்குகளுக்குப் போனதாகவும் புகார்கள் குவிந்தன. ஆதார் ஆணையம் வாடிக்கையாளரைச் சரிபார்க்கும் உரிமத்தை நிறுத்திவைத்தது. ரிசர்வ் வங்கி 5 கோடி ரூபாய் அபராதம் போட்டது. சிம்முக்கு வைத்த கைரேகை சிலிண்டர் மானியத்தைத் திருப்பிவிட்டது.

புதுச்சேரியில் அரிசியா பணமா என்ற சண்டை முதலமைச்சர் நாராயணசாமிக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் நீண்டு, உயர் நீதிமன்றம் வரை போனது. மூடிய ரேஷன் கடைகள் 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டித்தான் மறுபடி திறந்தன. அரிசியும் சர்க்கரையும் கொடுத்தார்கள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் எதிரே நிற்பவரிடம் சண்டை போடலாம். சர்வரிடம் எந்தச் சன்னலில் போய்ச் சண்டை போடுவது?

பேடியின் வாட்ஸ்அப் ஆட்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பத்திரிகைகள் போதுமான அளவு எழுதிவிட்டன. கிரண் பேடி அதிகாரிகளை வாட்ஸ்அப் குழுக்களில் வைத்து வேலை வாங்கினார். குப்பை அள்ளாத இடத்தைப் படம் எடுத்துப் போட்டால் நடவடிக்கை வரும் என்று மக்களில் ஒரு பகுதிக்கு அது பிடித்தும் இருந்தது. அப்படி ஒரு குழுவில் ஓர் அதிகாரியின் எண்ணிலிருந்து ஆபாசக் காட்சி வந்து விழ, அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 2017 ஜனவரி தொடக்கத்தில் நாராயணசாமி, அலுவல் வேலைக்குச் சமூக ஊடகம் கூடாது என்று ஆணையிட்டார்; வெளிநாட்டு சர்வரில் அரசு விவரம் போய் உட்காருகிறது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சில நாட்களில் பேடி அந்த ஆணையை ரத்து செய்தார். 2019 ஏப்ரல் 30 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர். மகாதேவன் அளித்த தீர்ப்பு, ஆளுநரின் அன்றாடத் தலையீட்டோடு அலுவல் ரீதியான சமூக ஊடகப் பயன்பாட்டையும் கண்டித்தது. 2020 மார்ச்சில் இரு நீதிபதி அமர்வு அத்தீர்ப்பை விலக்கியது. இருவர் சண்டையில் ஒரு நல்ல கேள்வி அடிபட்டுப் போயிற்று: அரசு அலுவலர் ஒருவரின் உத்தரவு தனியார் செயலியில் மட்டும் இருந்தால், அதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான் எப்படிக் கேட்டு வாங்குவேன்?

*

இப்போது 2021. ஏப்ரல் 6 அன்று முப்பது தொகுதிகளுக்கும் தேர்தல். அதற்கு முந்தைய வாரங்களில் வாக்காளர் கைப்பேசிகளில் பாரதிய ஜனதா கட்சியின் பெயரில் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கின. செய்தியில் ஒரு இணைப்பு. தொட்டால் உங்கள் வாக்குச்சாவடிக்கு உரிய வாட்ஸ்அப் குழுவில் சேரலாம். தேர்தல் காலத்தில் செய்தி வருவது புதிதில்லை. மிரள வைத்தது அந்தச் சாவடி. வீட்டில் இரண்டு மூன்று எண் இருந்தாலும் ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு மட்டுமே செய்தி வந்தது என்று சொல்லி, இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரித் தலைவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார்.

விஷயத்தின் முடிச்சைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்கலாம். வாக்காளர் பட்டியல் எல்லோருக்கும் கிடைப்பது. எந்தக் கட்சி பூத் ஏஜெண்டின் கையிலும் இருக்கும். பெயர், வயது, தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், சாவடி எல்லாம் அதில் உண்டு. கைப்பேசி எண் இல்லை. கைப்பேசி எண்கள் தனியாகச் சந்தையில் மொத்தமாகக் கிடைக்கக்கூடும். ஆனால் அவற்றில் சாவடி இருக்காது. சாவடிவாரியாகக் குழு பிரிக்க வேண்டுமென்றால் இரண்டு பட்டியலையும் இணைக்கும் மூன்றாவது கண்ணி ஒன்று வேண்டும். அந்தக் கண்ணி எது, யார் கொடுத்தது? இதுதான் வழக்கு. 1974இல் பாரீஸ் கொதித்ததும் இதே இணைப்பைப் பார்த்துத்தான். தனித்தனியே இருந்தவரை யாரும் பயப்படாத கோப்புகள் அவை.

தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி அமர்வு இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த எண்கள் என்று கட்சி சொன்னது. மனுதாரரின் குற்றச்சாட்டில் நம்பத்தக்க அடிப்படை இருப்பதாகக் கருதிய நீதிமன்றம், ஆதார் ஆணையம் பதில் சொல்லியாக வேண்டும் என்றது. தன்னிடமிருந்து எதுவும் கசியவில்லை என்பது ஆணையத்தின் நிலை. தேர்தல் ஆணையம் சைபர் பிரிவின் விசாரணையைக் காட்டியது. குறித்த நாளில் வாக்குப்பதிவு நடந்தது. என்.ஆர். காங்கிரஸ் 10, பா.ஜ.க. 6 என்று கூட்டணி வென்றது. குறுஞ்செய்தியால்தான் வென்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு ஆதாரம் இல்லை. சொந்தத் தொண்டர் படை வலுவாக உள்ள வேறொரு கட்சியும் நாளை இதையே செய்யலாம். ஆகவே இதைக் கட்சிப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரம் 2018இல் வெளியானபோது, குணநல வினாடி வினாவுக்கு அளித்த பதில்கள் அமெரிக்கத் தேர்தல் வேலைக்குப் போனதை உலகமே பேசியது. நம் ஒன்றியப் பகுதியில் ஏறத்தாழ பத்து லட்சம் வாக்காளர்கள்; நம்மைப் பற்றி நாமே ஒரு மாதத்துக்கு மேல் பேசவில்லை.

என் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அந்தத் தேர்தலின்போது எங்கள் தெருவில் அவருக்கும் அந்தக் குறுஞ்செய்தி வந்தது. "நான் ரேஷனுக்குக் குடுத்த நம்பராச்சே தம்பி இது, வேற யாருக்கும் தெரியாதே" என்றார். மூன்றாண்டு கழித்து அதே எண்ணுக்கு வேறொரு அழைப்பு. ஏதோ வெளியூர்ப் போலீஸ் என்று சொல்லிக்கொண்டவன், உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது என்று ஆரம்பித்து, நம்ப வைப்பதற்காக அவருடைய ஆதாரின் கடைசி நான்கு இலக்கத்தையும் பழைய வாடகை வீட்டு முகவரியையும் ஒப்பித்தான். அந்தப் பழைய முகவரி எந்தெந்த அலுவலகத்தில் இருக்கும் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். பதினொன்றில் நிறுத்திவிட்டோம். நல்லவேளையாகப் பணம் போகவில்லை. பேரன் ஃபோனைப் பிடுங்கி வைத்துவிட்டு 1930க்குப் புகார் சொன்னான்.

*

சட்டம் இல்லை என்று இனிமேல் சொல்ல முடியாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. 2018 செப்டம்பரில் ஆதார் செல்லும், ஆனால் தனியார் நிறுவனங்கள் அதைக் கட்டாயமாகக் கேட்க முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டார். 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கான விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று; முக்கியக் கடமைகள் அமலாவதற்கு மேலும் ஒன்றரை ஆண்டு அவகாசம்.

சட்டத்தில் நல்லது உண்டு. ஒப்புதல் என்பது குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டுமே. அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம். மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் ஏழாம் பிரிவைப் படித்தவர்களுக்கு வயிறு கலங்கும். ஒரு மானியத்துக்காக முன்பு அரசிடம் தந்த விவரத்தை இன்னொரு மானியத்துக்கு, புதிதாக ஒப்புதல் கேட்காமலேயே, அரசு எடுத்துக்கொள்ளலாம். பதினேழாம் பிரிவின்கீழ் எந்த அரசு அமைப்புக்கும் மத்திய அரசு விலக்கு அறிவிக்கலாம். விசாரிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய அரசே. அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்ட ஆசிரியைக்கு ஒரு ரூபாயும் வராது. போதாக்குறைக்கு இச்சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவையும் திருத்தி, பொதுநலன் கருதிக் கேட்கும் விவரங்களுக்கும் 'தனிப்பட்ட தகவல்' என்ற தாழ்ப்பாளைப் போட வசதி செய்துவிட்டது. குடிமகனின் விவரம் அரசுக்குத் திறந்து கிடக்க, அலுவலரின் விவரம் குடிமகனுக்கு மூடிக்கொள்கிறது. இது என் தீர்ப்பு. சட்டம் தெரிந்தவர்கள் மறுக்கலாம்.

குரலுக்கும் முகத்துக்கும் என்ன செய்வது என்பதை இந்தச் சட்டம் சரியாக யோசிக்கவே இல்லை. 2024 ஜனவரியில், மறைந்த மு. கருணாநிதி செயற்கை நுண்ணறிவால் திரையில் தோன்றி டி.ஆர். பாலுவின் நூல் விழாவில் வாழ்த்திப் பேசினார். அதே மாதம் ஏ.ஆர். ரகுமான், 'லால் சலாம்' படப் பாடலில் காலமான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் மறுபடி உருவாக்கி, குடும்பத்தாரின் அனுமதி பெற்றுச் சன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். எஸ்.பி. பாலசுப்ரமணியம் குரலை ஒரு தெலுங்குப் படம் கேட்காமல் எடுத்ததாக அவர் மகன் வக்கீல் நோட்டீஸ் விட்டார். மூன்று நிகழ்விலும் இறந்தவர் தன் குரலைக் கொடுத்தது வேறு மேடைக்கு, வேறு பாட்டுக்கு. ரகுமான் கேட்டார், காசு கொடுத்தார். இன்றைக்கு நம்மிடம் இருக்கும் நல்ல முன்மாதிரி அவ்வளவுதான். சட்டம் சொல்லி அவர் செய்யவில்லை.

தமிழ்நாடு அரசு 2020இலேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. புதுச்சேரி அப்படி எதையும் எழுதிப் பார்க்கவில்லை. 2017இல் பொலிவுறு நகரப் பட்டியலில் மட்டும் இடம்பிடித்தது. இந்த ஊரில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கத்தின் பிள்ளைகள் வார இறுதியில் மாணவர்களைக் கூட்டி வைத்து லினக்ஸையும் அந்தரங்கத்தையும் சேர்த்துப் பேசுகிறார்கள். ஆட்கள் குறைவுதான். அரசு செய்ய வேண்டிய பாடத்தில் ஒரு பகுதியை அவர்கள் நடத்துகிறார்கள் என்பேன்.

பஜ்ஜிக் காகிதத்துக்கு வருகிறேன். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது: கண்ட இடத்தில் ஆதார் நகலைக் கொடுக்காதீர்கள், கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்புதான் போயிற்று, மறைப்பு ஆதார் இன்றும் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விடுதியிலோ கூரியர் கடையிலோ கேட்டால் அதையே கொடுங்கள். முழு நகல்தான் வேண்டும் என்று சன்னலுக்கு அந்தப் பக்கம் அடம்பிடித்தால், பேனாவை எடுத்து நகலின் குறுக்கே, எண்ணின் மேலேயே படும்படி, யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வாங்குகிறவர் முறைப்பார். முறைக்கட்டும்.